தோளைக் கட்டுவதும் அசைப்பதும்: கூட்டேரிப்பட்டு வட்டாரத்தில் ஒரு சிகிச்சையின் வரலாறு

மனித உடம்பில் மிக எளிதாக இடம் பெயரும் பெரிய மூட்டு தோள்தான். பெரிய மூட்டுகள் நழுவி ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நழுவியிருப்பது தோள்; அதிலும் 100-க்கு 95 பேருக்கு முன்பக்கமாக. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழியில், கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இடுப்பில் எலும்பே எலும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. தோளில் அந்தக் கவ்வல் இல்லை. குழியைச் சுற்றியுள்ள விளிம்புக் குருத்தும், மூட்டு உறையும், ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் நாண்களுமே அதை நிறுத்தி வைக்கின்றன. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டுமானால் பிடிப்பு இவ்வளவுதான் இருக்க முடியும்.

ஆகவே தோளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டு கேள்விகளைச் சந்தித்தார்கள். நழுவியதை எப்படி உள்ளே போடுவது? போட்ட பிறகு எத்தனை நாள் கட்டி வைப்பது, எப்போது அசைக்கத் தொடங்குவது? முதல் கேள்விக்கு 3,000 ஆண்டுகளுக்கு முன்பே விடை தெரிந்திருந்தது. இரண்டாவது கேள்விக்கு நாட்டு வைத்தியரும் சரி, மாவுக்கட்டுப் போட்ட டாக்டரும் சரி, பழக்கத்தை வைத்தே பதில் சொல்லி வந்தார்கள். ஆராய்ச்சி அதைத் தொட்டதெல்லாம் கடந்த அரை நூற்றாண்டில்தான்.

இந்த மாற்றங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் இடங்களில் ஒன்று கூட்டேரிப்பட்டு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள கூட்டுரோடு ஊர் அது. வடக்கே திண்டிவனம் அரசு மருத்துவமனை. தெற்கே முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. கிழக்கே திரும்பும் சாலை மயிலம் முருகன் மலையைத் தாண்டிப் புதுச்சேரிக்கும், அங்குள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கும் கொண்டுபோய் விடும். ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போன வாரச்சந்தையும், சுற்றிலும் மல்லாட்டை, நெல், கரும்பு விளையும் கிராமங்களுமாக இருக்கும் இந்த வட்டாரத்தில், நெடுஞ்சாலை அகலமாவதற்கு வெகுகாலம் முன்பே தோள் அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்று தோளைக் கெடுத்தவை சுமையும் மரமும். திண்டிவனம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நெல்லுக்கு 75 கிலோ, மணிலாப் பயிறுக்கு 80 கிலோ என்று மூட்டைக் கணக்கிலேயே விலை பேசி வந்தார்கள். அந்த மூட்டை ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளியின் முதுகிலும் தோளிலும் ஏறி லாரிக்குப் போனது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஓர் ஆண் தொழிலாளி கையாள வேண்டிய சுமைக்கு வரம்பாகப் பரிந்துரைத்தது 55 கிலோ. விற்பனைக் கூடத்து மூட்டை அதைவிட 20, 25 கிலோ கூடுதல். இப்படி வருஷக்கணக்கில் சுமந்தவரின் தோளில் ஒரே நாளில் எதுவும் முறிவதில்லை. தசைநாண் நூல்நூலாகத் தேய்ந்து, ஒருநாள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகும். இதை யாரும் விபத்துக் கணக்கில் எழுதியதில்லை. நஷ்டஈட்டுச் சட்டங்களின் கண்ணுக்கும் லேசில் படாத காயம் இது.

மரம் அப்படியில்லை. விக்கிரவாண்டிப் பக்கம் பனை ஏறுவோர் இன்றும் இருக்கிறார்கள். மரத்திலிருந்து வழுக்குகிறவர் கையை நீட்டி ஊன்றுவார்; அல்லது பிடித்த பிடியை விடாமல் தொங்குவார். முதலாவதில் காறை எலும்பு ஒடியும். இரண்டாவதில் தோள் இறங்கிவிடும். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலையேறும் காவடியால் தோள் கெட்டதாகச் சொல்பவர் அரிது. வருஷத்துக்கு ஒருநாள் சுமப்பது ஒன்று, நாள்தோறும் சுமப்பது வேறு.

அடிபட்ட தோள் முதலில் போய் நின்றது சுளுக்கு எடுப்பவர் வாசலில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தத் தகுதி படிப்பால் வருவதில்லை, பிறப்பால் வரும். தலைக்குப் பதில் கால் முதலில் வெளிவரப் பிறந்தவர் காலால் நீவினால் பிடிப்பு விடும் என்பார்கள். இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் வழித்துவிட்டால் சுளுக்கு இறங்கும் என்பார்கள். விளக்கெண்ணெய் தடவி, தோளிலிருந்து விரல்நுனி வரை ஒரே திசையில் இழுத்து வழிப்பது முறை. தசைப்பிடிப்பு மட்டும் உள்ளவருக்கு இது சுகம் தரும். உள்ளே எலும்பு ஒடிந்திருந்தால் நிலைமை வேறு. சுளுக்கா, பிசகா, ஒடிவா என்று விரலால் தடவியே பிரித்தறிந்து, தன் கைக்கு மீறியதை வேறிடத்துக்கு அனுப்பத் தெரிந்தவரே நல்ல சுளுக்குக்காரர்.

நழுவிய தோளை உள்ளே போடும் வித்தை பதிவானது மிகப் பழைய காலத்தில். எகிப்தில் இரண்டாம் ராம்சேஸ் காலத்துக் கல்லறை ஒன்றில், கீழே கிடக்கும் தொழிலாளியின் கையை மடக்கி ஒருவர் தோளைச் சரிசெய்வது போன்ற ஓவியம் இருக்கிறது. இபுய் என்ற சிற்பியின் கல்லறை அது. கிரேக்கத்து ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் நூல்கள், வைத்தியர் தன் குதிகாலை நோயாளியின் அக்குளில் ஊன்றிக் கையை இழுக்கும் முறையைச் சொல்கின்றன. அடிக்கடி நழுவும் தோளுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுத் தழும்பாக்கும் முறையும் அவற்றில் உண்டு.

இந்தியாவில் சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில், எலும்பு முறிவுக்கான அத்தியாயம், தோள் நழுவினால் அக்குளில் உலக்கையைக் கொடுத்து மேலே தூக்கச் சொல்கிறது. இடத்தில் உட்கார்ந்ததும் குறுக்கும் நெடுக்குமாக, ஸ்வஸ்திக வடிவில் கட்டச் சொல்கிறது. காறை எலும்பு ஒடிந்தவருக்கு இரண்டு தோளையும் பின்னால் இழுத்துக் கட்டும் எட்டு வடிவக் கட்டு, நவீன எலும்பு வைத்தியத்தில் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வடிவத்தில் அதிக வித்தியாசம் தெரியாது.

தமிழ்ச் சித்த மரபு தோளை வேறு வழியாகவும் அணுகியது. வர்ம ஆசான்கள் காறை எலும்பை ஒட்டியும் அக்குளிலும் உள்ள வர்மப் புள்ளிகளை, அடிபடக் கூடாத இடங்களாகக் கற்றுக்கொடுத்தார்கள். கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயும் நரம்புக் கற்றையும் கடந்து செல்லும் இடங்களே அவை. அடிபடாமலே தோள் வலித்து இறுகுவதை வாத நோய்களில் ஒன்றாகக் கணக்கிட்டுக் கும்பவாதம் என்றார்கள். வாதம் 80 என்று பிரிக்கும் யூகி முனிவர் மரபில் இதுவும் அடக்கம். நொச்சி ஒற்றடம், எண்ணெய்த் தொக்கணம் ஆகியவை அதற்கான வெளி மருந்து. இன்றைய அரசு சித்த மருத்துவப் பிரிவுகளும் ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் இறுகிய தோளுக்கு ஒப்பாகக் கும்பவாதத்தையே சொல்கின்றன.

எலும்பு ஒடிந்தால் கதை வேறு. வட தமிழ்நாடு முழுக்க, பேருந்து நிலையங்களின் பக்கத்திலும் கூட்டுரோடுகளிலும் 'புத்தூர் கட்டு' என்ற பலகையைக் காணலாம். அதன் மூல ஊர் சென்னை–திருப்பதி சாலையில் உள்ள புத்தூர். அதற்கு அருகிலுள்ள கிராமத்தில் கேசவ ராஜூ என்பவர் தொடங்கியதாகவும், தொடங்கிய ஆண்டு 1881 என்றும் அந்தக் குடும்ப மரபு சொல்கிறது. காட்டில் அடிபட்ட முயலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டியபோது அது குணமானதில் இருந்து வித்தை பிடிபட்டது என்பது கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். செய்முறை கண்ணால் பார்க்கக் கூடியது: வைத்தியர் முதலில் வலியுள்ள இடத்தைத் தடவி, ஒடிந்த முனைகளை இழுத்து நேராக்குவார், அரைத்த பச்சிலை விழுதைப் பூசுவார், முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியைச் சுற்றுவார், மேலே மூங்கில் தப்பைகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் இறுக்குவார். வெள்ளைக்கரு காய்ந்ததும் துணி அட்டை போல விறைக்கும். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து மறுகட்டு.

அதே 1881-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் வோல்க்மன், இறுக்கமான கட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கை நிரந்தரமாக மடங்கிச் சுருங்கிப் போவதைப் பற்றித் தன் கட்டுரையை வெளியிட்டார். அவர் குற்றம் சாட்டியது ஐரோப்பிய டாக்டர்களின் கட்டுகளை. நாட்டுக்கட்டின் மீது பிற்காலத்தில் ஆஸ்பத்திரிகள் வைத்த மிகப் பெரிய குற்றச்சாட்டும் இதுதான்: இறுகக் கட்டிய கை கறுத்து வருகிறது, சில சமயம் எடுக்க வேண்டியதாகிறது. குறை இரு பக்கமும் உண்டு. ஆனால் ஒரு பக்கம் அதை எழுதிவைத்துத் திருத்திக்கொண்டது. மறுபக்கம் வாய்மொழியாக நின்றதால் ஒரு வைத்தியரின் தவறு அடுத்தவருக்குப் பாடமாகவில்லை.

இருந்தும் தோள் பகுதியில் நாட்டுக்கட்டுக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது? காறை எலும்பு கட்டினாலும் கட்டாவிட்டாலும் பெரும்பாலும் தானே கூடிவிடும். மேற்கை எலும்பின் கழுத்துப் பகுதியில் வரும் முறிவுகளில் பெரும்பங்கும் அப்படித்தான், அங்கே இரத்த ஓட்டமும் தசைச் சூழலும் நன்றாக இருப்பதால். எலும்பு கூடியதன் புகழ் கட்டுக்குப் போனது. கூடிய பிறகு கை முழுசாக மேலே போகிறதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆறு வாரம் உடம்போடு சேர்த்துக் கட்டிய தோள், எலும்பு கூடிய நிலையிலும் இறுகிக் கிடக்கும். இந்தக் குற்றத்தில் மாவுக்கட்டும் சம பங்காளி. டச்சு ராணுவ மருத்துவர் மதைசன் 1850-களின் தொடக்கத்தில் பிளாஸ்டர் துணிக்கட்டைக் கொண்டுவந்தபின், அது நூறாண்டுக்கு மேல் எல்லா முறிவுக்கும் பதிலாக இருந்தது.

ஐரோப்பிய வைத்தியம் இந்த வட்டாரத்துக்கு இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒன்று சென்னை, மற்றொன்று பிரெஞ்சுப் புதுச்சேரி. புதுச்சேரியில் 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியே பின்னர் வளர்ந்து, 1964-இல் ஜிப்மர் என்று பெயர் பெற்றது. மயிலம் சாலையில் போகும் பேருந்துக்கு அது அதிக தூரமில்லை. சென்னையில் பொது மருத்துவமனையின் பார்னார்டு கதிரியக்க நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. எக்ஸ்ரே வந்த பிறகுதான் விலகலும் முறிவும் சேர்ந்து வந்திருக்கிறதா என்பதைக் கையை இழுப்பதற்கு முன்பே பார்க்க முடிந்தது. தடவிப் பார்த்துச் சொல்லும் விரல் எவ்வளவு தேர்ந்ததானாலும், பின்பக்கமாக நழுவிய தோளை அடிக்கடி தவறவிடும். வலிப்பு வந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் வருவது அந்த வகை.

அவசரப் பிரிவில் ஒரு தோள் விலகலைப் பார்ப்பது இன்றும் பெரும்பாலும் கண்ணாலும் கையாலும் நடக்கும் வேலை. வருகிறவர் அடிபட்ட கையின் முழங்கையை மறுகையால் தாங்கிக்கொண்டு, அந்தப் பக்கமே உடம்பைச் சாய்த்து வருவார். சட்டையைக் கழற்றினால் தோளின் உருண்டை போய், மேலே எலும்பு விளிம்பு துருத்திக் கீழே குழிந்திருக்கும். டாக்டர் முதலில் மேற்கையின் வெளிப்புறத்தில் பஞ்சால் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று கேட்பார். தோளைச் சுற்றிப் போகும் நரம்பு ஒன்று அந்த இடத்துக்கு வருகிறது. அது அடிபட்டிருந்தால் தொட்டது தெரியாது. மணிக்கட்டில் நாடி பார்ப்பார். எக்ஸ்ரே வந்ததும் மயக்கமோ தசை தளரும் மருந்தோ கொடுத்து இழுப்பார்.

ஸ்விட்சர்லாந்தின் தியோடர் கோக்கர் 1870-இல் விவரித்த முறையில் முழங்கையை மடக்கி, கையை மெல்ல வெளியே திருப்பி, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, உள்ளே திருப்ப வேண்டும். அவருக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது தைராய்டு ஆய்வுக்காக. அவர் பெயரை வார்டுகளில் நாள்தோறும் உச்சரிப்பது தோளுக்காக. முரட்டுத்தனமாகச் செய்தால் எலும்பு ஒடியும் என்பதால் இன்று பல இடங்களில் மென்மையான வேறு முறைகள் வந்துவிட்டன. எந்த முறையானாலும் நேரம் முக்கியம். தசை இறுக இறுக உள்ளே போவது கடினம். நாள்கணக்கில் எண்ணெய் தடவி வழித்துவிட்டு வரும் தோளை, சில சமயம் அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்யவே முடியாது.

ஒருமுறை நழுவியது ஏன் மறுபடி நழுவுகிறது என்பதற்கு லண்டன் அறுவை மருத்துவர் பிளண்டெல் பாங்கார்ட் 1923-இல் தெளிவான பதில் தந்தார்: குழியின் முன்விளிம்புக் குருத்து பிய்ந்துவிடுகிறது, அதைத் திரும்பத் தைக்க வேண்டும். ஹிப்போகிரட்டஸ் காலத்துப் பழுத்த இரும்பும் தோள் நழுவும் பக்கத்தை இறுக்கத்தான் முயன்றது. உள்ளே என்ன பிய்ந்தது என்பது மட்டும் அப்போது தெரியாது. பிரான்சில் லத்தார்ஷே 1954-இல் தோள்பட்டை எலும்பின் கொக்கி போன்ற பகுதியை வெட்டிக் குழியின் முன்னால் திருகாணியால் பொருத்தும் முறையைச் சொன்னார். குழியின் எலும்பே தேய்ந்துபோனவர்களுக்கு அது இன்றும் கைகொடுக்கிறது.

கட்டு பற்றிய நம்பிக்கையை அசைத்தது ஸ்வீடன். லென்னார்ட் ஹோவெலியஸும் தோழர்களும் 1978 முதல், முதல் தடவை தோள் நழுவிய 12 முதல் 40 வயது வரையிலான 255 பேரை 27 மருத்துவமனைகளில் சேர்த்து, சிலருக்கு மூன்று, நான்கு வாரம் தோளைக் கட்டி வைத்தார்கள். சிலரை விரைவிலேயே கையை உபயோகிக்க விட்டார்கள். 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவு: கட்டியதற்கும் கட்டாததற்கும் வித்தியாசமில்லை. மறுபடி நழுவுமா என்பதை நிர்ணயித்தது வயது. இளைஞர்களுக்கு அதிகம் நழுவியது, மூத்தவர்களுக்குக் குறைவு. தப்பை வைத்தவரும் மாவு பூசியவரும் தலைமுறை தலைமுறையாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள். அந்த விஷயமே ஆட்டம் கண்டது.

அடிபடாமலே இறுகும் தோளின் கதையும் இதற்குச் சமாந்தரமாக ஓடியது. பிரான்சின் துப்ளே 1872-இல் அதைத் தனி நோயாக விவரித்தார். பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் தோள் பற்றி எழுதிய பெரிய நூலில் 'உறைந்த தோள்' (ஃப்ரோசன் ஷோல்டர்) என்ற பெயரைக் கொடுத்தார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சிக்கும் அவர் பெயரே நிலைத்தது. பொதுவாக 100-க்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வரும் இது, சர்க்கரை நோயாளிகளில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (ICMR–INDIAB) ஆய்வில் நாட்டளவில் சர்க்கரை நோய் 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3. கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே உள்ள மருத்துவமனைகளின் பிசியோதெரபி அறைகளில் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி செய்பவர்கள் கூட்டமாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. முதுகில் சோப்புப் போட முடியவில்லை, ரவிக்கை கொக்கி மாட்ட முடியவில்லை, பஸ்ஸில் மேல்கம்பி பிடிக்க முடியவில்லை என்றுதான் இந்த நோய் முதலில் சொல்லப்படுகிறது.

கத்தி மீது இருந்த நம்பிக்கையும் அண்மையில் சோதனைக்கு ஆளானது. அமெரிக்காவின் சார்லஸ் நீர் 1972-இல் விவரித்த, தோள்மேல் எலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவை உலகமெங்கும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. 2018-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு 313 பேரைப் பிரித்து, சிலருக்கு எலும்பைச் செதுக்கியும், சிலருக்குக் குழாயை விட்டுப் பார்த்து எதுவும் செதுக்காமலும் முடித்தது. இரு சாராருக்கும் வலி குறைந்தது ஒரே அளவில். மேற்கை எலும்புக் கழுத்து விலகி ஒடிந்த 250 பேரிடம் 2015-இல் முடிந்த மற்றோர் ஆய்விலும், அறுவை செய்ததும் செய்யாமல் தொங்குகட்டில் விட்டதும் இரண்டு ஆண்டு முடிவில் சமமாகவே நின்றன. இறுகிய தோளுக்கு 503 பேரிடம் செய்து 2020-இல் வெளியான ஆய்வில் மயக்கத்தில் கையைத் தூக்கி விடுவது, உறையை வெட்டி விடுவது, ஊசியோடு பிசியோதெரபி ஆகிய மூன்றில் எதுவும் மற்றதைத் தெளிவாக மிஞ்சவில்லை. நாட்டு வைத்தியம் வென்றதாக இதற்கு அர்த்தமில்லை. பொறுத்திருப்பதும் அசைப்பதும் பல தோள்களுக்குப் போதும் என்பதே கிடைத்த செய்தி.

பொறுக்கவே கூடாத தோள் ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்தது சாலை. திண்டிவனம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை 2009-இல் நான்குவழியாகி, கிராமச் சாலைகளிலிருந்து வரும் பைக்குகள் வேக வாகனங்களோடு சந்திக்கும் இடமாகக் கூட்டுரோடுகள் ஆயின. பைக்கிலிருந்து எறியப்படுகிறவரின் தோள் முதலில் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் வளைந்தால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டு அறுந்துவிடும். எலும்பு ஒடியாமல்கூட இருக்கலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கும்; கை மட்டும் செத்தது போலத் தொங்கும். ஸ்விட்சர்லாந்தின் நராகாஸ் 1985-இல் தன் அனுபவத்தைத் தொகுத்துச் சொன்னார்: இந்தக் காயங்களில் 70 சதவீதம் சாலை விபத்து, அவற்றில் 70 சதவீதம் இருசக்கர வாகனம்.

இங்கே கட்டுவதும் வழிப்பதும் வெறும் கால விரயம். நரம்பு ஒட்டுப் போடவோ, அருகிலுள்ள நரம்பின் ஒரு பகுதியைத் திருப்பிவிடவோ, அடிபட்ட ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஓராண்டு கடந்தால் தசை நரம்பை ஏற்காது. முழங்கை மடக்கும் தசைக்கு மணிக்கட்டுப் பக்கம் போகும் நரம்பின் ஓர் இழையைப் பிரித்து இணைக்கும் முறையை பாரிஸின் ஓபர்லின் 1994-இல் வெளியிட்டார். தமிழ்நாட்டில் இத்தகைய வேலைக்கு அடித்தளம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைப் பிரிவு; கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் இதற்குப் பெயர் பெற்றது. தாமதமாக வந்தவர்களுக்கு எஞ்சுவது வேறிடத்துத் தசையை மாற்றி வைப்பது மட்டுமே.

அரசு ஏற்பாடுகள் நேரத்தைச் சுருக்குவதில் கவனம் செலுத்தின. 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி 2010-இல் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே நெடுஞ்சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கி வைக்கப்பட்டது. உயிருக்கு அந்த 48 மணி நேரம் பெரிது. தோளுக்கு அது தொடக்கம்தான். தொங்குகட்டு கழன்ற பிறகு மூன்று, நான்கு மாதம் நாள்தோறும் செய்ய வேண்டிய பயிற்சிக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு வாரம் இரண்டு முறை பஸ் ஏறுவது கிராமத்தில் எல்லாராலும் ஆவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுபோகும் பணியையும் சேர்த்துக்கொண்டது. அப்படி வரும் பயிற்சியாளர் தோள் இறுகியவருக்கு வழக்கமாக முதலில் கற்றுக்கொடுப்பது, மேசையையோ கட்டிலையோ ஒரு கையால் பிடித்துக் குனிந்து, மறுகையைத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்டும் காட்மனின் பயிற்சி.